மூன்றாவது துண்டு

தையல் மிஷினை நிறுத்தச் சொல்லி அண்ணன் இரண்டாவது முறையாக வந்து நின்றான். சின்னவள் நிறுத்தவில்லை. அக்காவின் சாம்பல் நிற வேலைச் சட்டையின் இடது பக்கத்தைப் பிடித்து முடித்தாயிற்று. வலது பக்கம் பாதியில் இருந்தது.

"எழவு வீட்ல தையல் சத்தம் கேக்குது. வாசல்ல ஆளுங்க நிக்கறாங்க. என்ன நெனப்பாங்க?"

"சட்டை தொளதொளன்னு இருக்குன்னு நெனைக்க மாட்டாங்க."

"சின்னவளே..."

"இன்னும் ஒரு ஜாண்தான் அண்ணே."

பெரியவள் அடுத்த அறையில் கிடந்தாள். காலை ஐந்தே காலுக்கு மூச்சு நின்றது. ஏழு மாதத்தில் இருபத்திரண்டு கிலோ இறங்கியிருந்தாள். அண்ணி உடம்பைத் துடைத்து, தலையை வாரி, போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டிருந்தாள். சட்டைக்காகக் காத்திருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு வண்டி.

அண்ணன் தண்ணீர் லாரி ஓட்டுபவன். ஒன்றை மூன்றாவது முறை கேட்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. கேட்க வேண்டியும் வரவில்லை. கைப்பேசி அடித்தது. சின்னவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"லேப் டைரக்டர் பேசறேம்மா."

"சொல்லுங்க சார்."

"முப்பத்தோரு வருஷம். என்ன சொல்றதுன்னே தெரியல."

அவர் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது.

"பதினோரு மணிக்கு லேப் கூடத்துல எல்லாரும் நிக்கறோம். மெயின் ஸ்விட்ச இறக்கி, ஒரு மணி நேரம் அஞ்சலி. எல்லாருக்கும் பண்றதுதான். வீட்டு ஆளுங்க கையால இறக்கறது வழக்கம். உங்கள்ல யாராவது வந்தா நல்லா இருக்கும். முடியலைன்னா பரவால்ல, நானே இறக்கிடறேன்."

"சார், மூணாவது துண்டு ஓடிட்டு இருக்கு."

"அது கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதானேம்மா."

"முடியல சார். இன்னும் மூணு லட்சம் தடவை பாக்கி இருக்கு."

"இந்த நேரத்துல அதெல்லாம் யோசிக்காதீங்க. மனசத் தேத்திக்கோங்க."

வைத்துவிட்டார். திரும்ப அழைத்தாள். லைன் கிடைக்கவில்லை. மணி ஒன்பதே முக்கால்.

அவள் ஊசியைத் தூக்கி, சட்டையை உருவி, நூலைப் பல்லால் கடித்தாள்.

"அண்ணி, மீதிய நீங்க கையால தச்சுடுங்க. கோடு போட்டிருக்கேன். நான் கூடத்துக்குப் போய்ட்டு வர்றேன்."

"எங்க?" என்றான் அண்ணன்.

"அக்காவோட கூடத்துக்கு."

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? பொணத்த வீட்ல போட்டுட்டு மிஷின் பாக்கப் போறாளாம்."

"பொணம் எங்கயும் போகாது. மிஷின் பதினோரு மணிக்கு நின்னுடும்."

வாசல் பக்கமிருந்து ஒரு உறவுக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது என்று முகம் சொன்னது.

"பாவம், அவளும் அந்த இரும்போடயே கெடந்து இரும்பாட்டமே ஆயிட்டா. நீயுமா?"

"இரும்பு இல்ல. நிக்கல்" என்றாள் சின்னவள்.

*

பெரியவள் படிகம் வளர்ப்பவள். சாதாரண உலோகம் உப்புக் குவியல் மாதிரி, எண்ணில்லாத சின்னக் கற்கள் ஒட்டிக்கொண்டது. அவள் வளர்ப்பது முழுதும் ஒரே கல். உருக்கிய நிக்கலைக் குழாயில் ஊற்றி, உலையிலிருந்து மணிக்கு ஒரு நகக்கண் அளவு கீழே இறக்க வேண்டும். அவசரப்பட்டால் கல் இரண்டாகும். முப்பத்தோரு வருடத்தில் அவளுக்கு இரண்டானவை குறைவு. படித்தவர்கள் அதை வைத்துக் கட்டுரை எழுதினார்கள். அவள் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி என்ற வார்த்தைக்குக் கீழே வரும்.

மூன்று வருடம் முன்பு, அவள் வளர்த்த படிகத்தில் செய்து அனுப்பிய டர்பைன் சுழலித் தகடுகளில் நான்கு, கடலோரத்தில் வேலை செய்யும் இடத்தில் விரிசல் விட்டன. டைரக்டர் அறிக்கை எழுதினார். காரணம் என்ற இடத்தில் மூன்றே சொல். படிக வளர்ப்பில் குறை.

பெரியவள் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"கல்லுல குறை இல்ல சார். அங்க காத்துல ஈரம். உப்பு ஈரம். விரிசல் வாயத் திறக்கும்போதெல்லாம் அது உள்ள போகுது."

"விரிசல் எதனால வந்தது? அத முதல்ல சொல்லு."

"எந்த உலோகத்துலயும் விரிசல் வரும் சார். வளக்கறது எதுங்கறதுதான் கேள்வி."

நிரூபி என்றார். நிரூபிக்கிறேன் என்றாள். பழைய பொருளாகக் கழித்துக்கட்ட ஒதுக்கியிருந்த, துண்டை இழுத்து இழுத்து விடும் ஒரு இழுவை மிஷினைக் கேட்டு வாங்கினாள். ஒரே கல்லிலிருந்து மூன்று துண்டு அறுத்தாள். மூன்றிலும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் வெட்டு. மூன்றுக்கும் ஒரே இழுவை, நொடிக்கு ஐந்து தடவை. முதல் துண்டை உப்புத் தண்ணீரில் ஓட்டினாள். ஒன்பது நாளில் உடைந்தது. இரண்டாவதைத் திறந்த காற்றில். முப்பத்தோரு நாள். மூன்றாவதை எஃகு அறைக்குள் பூட்டி, பம்பு வைத்துக் காற்றை முழுதும் உறிஞ்சிவிட்டு ஓட்டினாள்.

கல்லில் குறை இருந்தால் மூன்றாவதும் உடைய வேண்டும்.

"மூணு கோடி தடவை தாண்டட்டும். அந்த வரிய நானே அடிச்சுடறேன்" என்று டைரக்டர் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாதிச் சிரிப்பில் போட்ட கையெழுத்து.

அது ஓடத் தொடங்கி இன்று அறுபத்தொன்பதாவது நாள். கடைசி இருபத்து மூன்று நாளும் காலை ஏழரைக்குப் போய் விரிசலை அளந்தவள் சின்னவள். பெரியவளால் எழுந்து உட்கார முடியாமல் போன அன்று சொன்னாள்:

"ஊசி கோக்கற கண்ணுடி உனக்கு. அந்த மைக்ரோஸ்கோப்ல கோடு தெரியும். கோட்டோட நுனி எங்க முடியுதோ அந்த எண்ண எழுது. கூட்டியும் எழுதாத, கொறச்சும் எழுதாத."

"தப்பாப் பாத்துட்டா?"

"தப்பாப் பாத்தேன்னு எழுது."

ஆஸ்பத்திரியில் சேர மாட்டேன் என்றுவிட்டாள். அங்கே படுத்தால் இந்த எண் வந்து சேர அரை நாள் ஆகும் என்பது அவள் சொன்ன காரணம். டாக்டருக்கு அது புரியவில்லை. அண்ணனுக்கும் புரியவில்லை. அண்ணி மட்டும் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள்.

*

அவளைத் தனியாக விட மனமில்லாமல் அண்ணனே ஸ்கூட்டரை எடுத்தான், வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். காற்றில் பாதிதான் கேட்டது.

"...ஒரு மணி நேரம் நின்னா என்ன? அப்புறம் போட்டுக்கக் கூடாதா?"

"மிஷின் நின்னா பரவால்ல. பம்பு நிக்கக் கூடாது. நின்னா காத்து உள்ள போயிடும்."

"போனா மறுபடி உறிஞ்சறது."

"விரிசலுக்குள்ள போனது வெளிய வராது அண்ணே. அங்கயே ஒட்டிக்கும். அப்புறம் அது காத்துபட்ட துண்டு. ரெண்டாவதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்ல."

"அப்ப இன்னொண்ணு அறுத்து மாட்டுங்க."

"யாரு வளப்பா?"

சிக்னலில் நின்றபோது அவன் திரும்பாமல் கேட்டான்.

"அவ இத உங்கிட்ட சொன்னாளா? தான் செத்தா நிறுத்த விடாதன்னு?"

"சொன்னா."

ஒன்பது வருடம் முன்பு, கூடத்தில் லேத் ஓட்டிய கடைசல்காரர் இறந்தபோது நடந்ததைச் சொன்னாள். அன்றும் பெரியவள் பம்பு வைத்த ஒரு துண்டு ஓடிக்கொண்டிருந்தது, நாற்பது நாளாக. அவர் மனைவி வந்து ஸ்விட்ச் முன்னால் நின்றார். கை எட்டவில்லை. பெரியவள்தான் ஸ்டூல் எடுத்துப் போட்டாள்.

"வாயத் தொறக்கலடீ நான்" என்றாள் பெரியவள், போன வாரம், ஜன்னலைப் பார்த்தபடி. "அந்தம்மா முன்னாடி எப்படிச் சொல்றது. மரியாதைன்னு நெனச்சேன். அந்தாளு இருந்திருந்தா என்ன செருப்பால அடிச்சிருப்பாரு. எனக்கு எவனாவது ஸ்விட்ச இறக்கினான், எழுந்து வந்துருவேன், பாத்துக்க."

"எழுந்து வந்து?"

"கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு மறுபடி படுத்துப்பேன்."

சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்து, அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

சிக்னல் மாறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அண்ணன் வண்டியை எடுக்கச் சற்றுத் தாமதித்தான்.

*

கூடத்தில் பன்னிரண்டு மிஷின்கள். வாசலுக்கு நேரே மேசை போட்டு, அடையாள அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். படத்தில் பெரியவள் முறைத்துக்கொண்டிருந்தாள். ஏறக்குறைய நாற்பது பேர் சுவரோரம் நின்றார்கள். சின்னவளைக் கண்டதும் பேச்சு அடங்கியது. யாரோ நாற்காலி இழுத்துப் போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

மெயின் ஸ்விட்ச் பலகைக்குக் கீழே கூடத்தின் மின்சாரக்காரர் ஸ்டூலில் இருந்தார். எல்லாரும் அவரை ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் காலையில் அவளுக்குக் கதவு திறந்துவிடுபவர்.

"வந்துட்டியா தங்கச்சி. நான் சொல்லிப் பாத்தேன். ஃபியூஸ் பேச்ச யாரு கேக்கறாங்க."

"பம்ப மட்டும் வேற லைன்ல போட முடியாதா அண்ணே?"

"தனி லைன் கேட்டு ஆறு வருஷமா எழுதறேன். இந்தக் கூடத்துக்கே ஒரு ஸ்விட்சுதான். இறக்கினா விளக்கு, விசிறி, உங்கக்கா பம்பு, எல்லாம் போச்சு."

டைரக்டர் வந்தார். உயரமானவர். கண்கள் சிவந்திருந்தன. அண்ணனின் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"நீங்க வந்தது ரொம்ப ஆறுதல்."

"சார்" என்றாள் சின்னவள். "இறக்க வேண்டாம்னு சொல்லத்தான் வந்தோம்."

அவர் அவளை ஓரமாகக் கூட்டிப் போக முயன்றார். அவள் நகரவில்லை. ஆகவே எல்லாருக்கும் கேட்டது.

"அம்மா, இந்தக் கூடத்துல பதினாலு பேருக்கு இறக்கியிருக்கோம். கூட்டற ஆளுக்குக்கூட. உங்கக்காவுக்கு மட்டும் செய்யாம விட்டா, நாளைக்கு எல்லாரும் என்ன கேப்பாங்க? அவங்க மேல எனக்கு மரியாதை இல்லைன்னா நெனைக்கறீங்க?"

"மரியாதை இருக்கு சார். அதுல சந்தேகம் இல்ல. தப்பு அவமேல இல்லைங்கறதுலதான் உங்களுக்குச் சந்தேகம்."

யாரோ இருமினார்கள்.

டைரக்டர் தரையைப் பார்த்தார். பிறகு தன் உதவியாளரிடம் ஏதோ சொன்னார். உதவியாளர் ஓடிப்போய் ஒரு கோப்புடன் வந்தார். டைரக்டர் அதை மேசையில், படத்துக்கு முன்னால் விரித்தார். மூன்று வருடத்துக்கு முந்தைய அறிக்கை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"மூணு கோடிக்கு எவ்வளவு கொறையுது?"

ஃபியூஸ் எழுந்து போய், தடவைகளை எண்ணும் கணக்கியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரெண்டு கோடியே தொண்ணூத்தேழு லட்சம் ஆச்சு சார். இன்னும் மூணு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி."

"போதும்" என்றார் டைரக்டர். "எனக்கு இதுவே போதும். உங்க எல்லார் முன்னாலயும் இந்த வரிய இப்பவே அடிக்கறேன். அவங்களுக்கு இத விடப் பெரிய மரியாதை இல்ல. அப்புறம் நிம்மதியா ஸ்விட்ச இறக்குவோம்."

பேனா நுனி தாளைத் தொட இருந்தது. சுவரோரம் நின்றவர்களில் சிலர் தலையாட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். அண்ணன் பெருமூச்சு விட்டான். வந்த காரியம் முடிந்தது என்ற பெருமூச்சு.

சின்னவள் கையை நீட்டி, அந்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அடிக்காதீங்க சார்."

"அம்மா, நீங்க கேட்டது இதுதானே?"

"இன்னைக்கு அடிச்சா அவ செத்ததுக்காக அடிச்சது. நாளைக்கு அடிச்சா அவ சொன்னது சரிங்கறதுக்காக அடிச்சது. ரெண்டும் ஒண்ணு இல்ல."

"நாளைக்குள்ள உடைஞ்சுட்டா?" அவர் குரல் தாழ்ந்தது. கேலி இல்லை. "நான் இத்தன வருஷமாப் பாக்கறேன். கடைசி ஒரு லட்சத்துல உடைஞ்சது நெறைய இருக்கு. அப்ப நான் அடிக்க முடியாது. புரியுதா? இப்பன்னா என்னால முடியும்."

"உடைஞ்சா அந்த வரி அப்படியே இருக்கட்டும். அவ கோவிச்சுக்க மாட்டா. பரிதாபப்பட்டு அடிச்சா கோவிச்சுப்பா."

பின்னாலிருந்து ஒரு குரல், "ஒரு மணி நேரம்தானேம்மா" என்றது.

சின்னவள் திரும்பினாள். குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எல்லாருக்குமாகச் சொன்னாள்.

"கடைசல்காரருக்கு இறக்கினப்பவும் ஒரு மணி நேரம்தான். அவளோட நாப்பது நாள் வேலை அதுல போச்சு. உங்கள்ல யாருக்காவது தெரியுமா அது? அவ சொல்லல. நான் சொல்றேன்."

கூடத்தின் மூலையில் இழுவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற பதினொன்றின் இரைச்சலில் அது தனியாகக் கேட்கவில்லை.

டைரக்டர் கோப்பை மூடவில்லை. பேனாவையும் பையில் வைக்கவில்லை. அண்ணனைப் பார்த்தார்.

"நீங்க வீட்டுக்குப் பெரியவர். நீங்க சொல்லுங்க. அந்தம்மா அழுத்தத்துல பேசறாங்க. மணி பதினொண்ணு ஆகப்போகுது."

அண்ணன் ஸ்விட்ச் பலகை வரைக்கும் நடந்தான். ஃபியூஸ் விலகி வழிவிட்டார். சிவப்புப் பிடி, முழங்கை நீளம். அண்ணன் அதன்மேல் கையை வைத்தான். சின்னவளுக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது. வெளியூர் லோடு போகும் நாட்களில் போடும் சட்டை. அதன் தோளில் அவள் போன வருடம் போட்ட ஒட்டு இருந்தது.

அண்ணனும் பெரியவளும் சின்ன வயதில் பேசிக்கொண்டதே குறைவு. அவள் படிப்பு பாதியில் நின்றதற்கு அவன் வாங்கிய முதல் லாரி காரணம். அதை இருவரும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அவன் பிடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தான். கீழ்நோக்கி இல்லை. மேல்நோக்கி. நன்றாக ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது போல. பிறகு கையை எடுத்துப் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

"சார், நான் தண்ணி லாரி ஓட்டறவன். கல்லு, காத்து, இதெல்லாம் எனக்கு வெளங்காது. ஆனா ஓடற வண்டியில சாவிய உருவ மாட்டேன்."

"நான் மரியாதைக்காகச் சொன்னேன்..."

"தெரியுது சார். நாங்களும் அதுக்காகத்தான் சொல்றோம்."

ஃபியூஸ் தன் ஸ்டூலை இழுத்து ஸ்விட்சுக்கு நேர் முன்னால் போட்டு, அதில் உட்கார்ந்து, முதுகைப் பலகையில் சாய்த்துக்கொண்டார். இனி அவரைத் தூக்காமல் பிடியைத் தொட முடியாது.

"இடுப்பு வலி சார்" என்றார் டைரக்டரைப் பார்த்து.

முதலில் சிரித்தது டைரக்டரா, வேறு யாராவதா என்று தெரியவில்லை. சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. மூச்சு. அவர் பேனாவை மூடினார். கோப்பை விரித்தபடியே மேசையில் விட்டார்.

"சரி" என்றார். "அவங்கவங்க மிஷின அவங்கவங்களே நிறுத்துங்க. அந்த ஒண்ணத் தவிர."

ஆட்கள் கலைந்து தங்கள் இடங்களுக்குப் போனார்கள். அறுக்கும் மிஷின் நின்றது. மெருகு போடும் சக்கரம் முனகி, மெல்ல இறங்கி, நின்றது. ஒவ்வொன்றாக. பத்தாவது நின்றபோது கூரை விசிறியின் சத்தம் கேட்டது. யாரோ அதையும் நிறுத்தினார்கள். பதினொன்றாவது நின்றது.

அப்போதுதான் அது கேட்டது. நொடிக்கு ஐந்து. அதன் அடியில் பம்பின் தாழ்ந்த ரீங்காரம், விடாமல்.

எல்லாரும் அவரவர் மிஷின் பக்கத்தில் தலை குனிந்து நின்றார்கள். அண்ணனும் கைகளைக் கட்டி நின்றான். சின்னவள் நிற்கவில்லை. மூலைக்கு நடந்தாள். இன்றைக்கு எண் எடுக்கவில்லை.

எஃகு அறையில் உள்ளங்கை அளவுக் கண்ணாடி ஜன்னல். உள்ளே துண்டு அவள் சுண்டுவிரல் அளவுதான். அது அதிர்வது வெறும் கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் கலங்கித் தெரியும். மினுக்கு விளக்கைப் போட்டு, இழுவையின் வேகத்துக்கு விளக்கைச் சரிசெய்தால் துண்டு நின்றுவிட்டது போல் தோன்றும். அவள் விளக்கைப் போட்டாள். குமிழைத் திருகினாள். அதிர்வு மெதுவாகி, நின்றது போலானது.

குனிந்து கண்ணை வைத்தாள்.

ஃபியூஸ் ஸ்டூலை விட்டு வந்திருந்தார். ஸ்விட்ச் பக்கம் இப்போது அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அவர் குறிப்பேட்டை விரித்துப் பேனாவைப் பிடித்திருந்தார். தேதி எழுதினார். நேரம் எழுதினார். கணக்கியில் இருந்ததை எழுதினார்.

"சொல்லு தங்கச்சி" என்றார் மெதுவாக.

கோடு தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ மூடியிருந்தது. அவள் தலையைத் தூக்கினாள். கண் வைக்கும் கண்ணாடி ஈரமாக இருந்தது. முந்தானையால் துடைத்தாள். குனிந்தாள். மறுபடி ஈரமாகியிருந்தது. துடைத்தாள்.

"இரு, அவசரம் இல்ல" என்றார் ஃபியூஸ்.

மூன்றாவது முறை குனியும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கோடு தெரிந்தது. மெல்லிய கறுப்பு முடி. அதன் நுனியைத் தேடி மைக்ரோஸ்கோப்பின் குறுக்கு நூலை நகர்த்தினாள்.

"பதினொண்ணு புள்ளி நாலு ரெண்டு."

அவர் எழுதவில்லை. மேல் வரியைப் பார்த்தார்.

"நேத்தும் அதேதான்."

"இன்னைக்கும் அதேதான்" என்றாள் சின்னவள், கண்ணை எடுக்காமல். "எழுதுங்க."